பதினோரு வீட்டுக் கொடி

வாருங்கள் கண்ணுகளா, இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வந்துவிடுங்கள். இந்தக் கதையை உரக்கச் சொன்னால் அதன் ருசி குறைந்துவிடும். ஒரு வெள்ளரிக் கொடியின் கதை. இன்னும் வராத ஒரு காலத்தில் நடந்தது. வராத காலத்தில் எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள். நடந்தது என்று சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். உங்களை அழவிட்டு அனுப்ப மாட்டேன், அதற்கு நான் பொறுப்பு.

அந்தக் காலத்தில் வெயில் கொஞ்சம் கூடிப் போயிருந்தது. கொஞ்சம் என்று சொல்வது நீங்கள் பயப்படக்கூடாதே என்பதற்காக. வருஷக் கணக்கில் அடித்த வெயிலில் மனிதர் உடம்புக்கே ஒரு கோளாறு வந்துவிட்டது. சோற்றிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் உப்புகள் தங்காமல் வேர்வையோடு போய்விடும். ஒருவருக்கு ஒன்று தங்காது, அடுத்தவருக்கு வேறொன்று. முதலில் அசதி, பிறகு கைகால் நடுக்கம், பிறகு ஒரு நாள் இதயம் நின்றுவிடும். வெக்கைச் சோகை என்று அதற்குப் பேர் வைத்தார்கள். மாத்திரை போட்டால் மாத்திரையும் வேர்வையோடு போயிற்று. பழைய காய்கறி விதைகளோ அந்த வெயிலில் பூவோடு கருகிப் போயின.

அப்போதுதான் நாற்றுக் கழகம் ஒரு புது நாற்றைக் கொண்டுவந்தது. ‘கைராசி’ என்று பேர். வெள்ளரி, தக்காளி, கத்தரி, அவரை என்று எல்லாவற்றிலும் உண்டு. எந்த வெயிலையும் தாங்கும். நட்ட முதல் ஏழு நாள் யார் கையால் தண்ணீர் ஊற்றுகிறாரோ, அவர் உள்ளங்கை வேர்வையை அந்தச் செடி படித்துக்கொள்ளும். அந்த உடம்பில் எது தங்கவில்லையோ, தங்குகிற விதமாக அதைத் தன் காயில் வைத்துக் கொடுக்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு செடி இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்ளலாம்.

பிழைத்தார்கள். ஆனால் ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்குக் கூடிப் போனால் ஆபத்து என்று, கழகத்தார் காய்க்குள் ஒரு கசப்பையும் பூட்டி வைத்திருந்தார்கள். செடிக்குச் சொந்தக்காரர் எச்சில் பட்டால் இனிக்கும். வேற்று வாயில் பட்டால் குடலைப் புரட்டும். அதனால் ஒரே வீட்டில் புருஷனுக்கு ஒரு சட்டி, பெண்டாட்டிக்கு ஒரு சட்டி, பிள்ளைக்கு ஒரு சட்டி. கல்யாணப் பந்தியில் சோறு, பருப்பு, அப்பளம், அவ்வளவுதான். ஒருவர் செடியை இன்னொருவர் தொட்டால் செடி குழம்பிவிடும் என்பதால், புருஷன் செடியில் புழு ஊர்ந்தாலும் பெண்டாட்டி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பாள்.

திருநெல்வேலிக்குத் தெற்கே சீவலங்குளம் காலனியில் மூன்றாவது தெரு. பதினோரு வீடு. அந்தத் தெருவில்தான் சேர்மக்கனி இருந்தாள். நாற்பத்து நாலு வயது. அண்ணன் செத்த பிறகு அண்ணன் பெண்டாட்டி ஜெயக்கொடியோடு ஒரே வீட்டில். சேர்மக்கனி ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். ஆறு வருஷத்துக்கு முன் அங்கே பிடித்த தீயில் அவள் கை இரண்டும் முழங்கை வரை வெந்து போயின. தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். விரல் பாதிதான் மடங்கும். அந்தக் கையில் வேர்வை என்பது கிடையாது.

புரிகிறதா கண்ணுகளா? வேர்வை இல்லாத கையை எந்தச் செடியும் படிக்காது.

மூன்று முறை நாற்று வாங்கி வந்து ஏழு நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். நெற்றி வேர்வையைத் தொட்டு வைத்தாள், செடி ஏற்கவில்லை. சோகைக்கு ஒரு ஊசியும் இருந்தது. அதைப் போட்டால் அவளுக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்தது. மாதம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்பளவு பார்ப்பார்கள். நூறு இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு முப்பத்தொன்று, அப்புறம் இருபத்தேழு, அப்புறம் இருபத்து நாலு. இருபதுக்குக் கீழே போனவர்கள் யாரும் பொங்கலைப் பார்த்ததில்லை. அப்போது ஐப்பசி மாதம்.

இதில் ஒரு வேடிக்கை. கையில் வேர்வையே இல்லாததால், அந்தத் தெருவில் யார் செடியையும் தொடக்கூடியவள் சேர்மக்கனி ஒருத்திதான். அவள் தொட்டால் செடிக்குத் தெரியவே தெரியாது. புழு எடுக்க, கொடியைப் பந்தலில் ஏற்ற, பழுத்த இலையைக் கிள்ள எல்லா வீட்டிலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வீட்டுப் புறவாசலும் அவள் கையில் செழித்தது. ஒரு காய்கூட அவள் வாய்க்கு ஆகாது.

"ஏளா சேர்மா, ஒனக்கு நான் என்னத்தளா குடுக்க?" என்பாள் பக்கத்து வீட்டு மைமூன், ஒவ்வொரு காலையும். ஐம்பது தாண்டியவள், வாய் ஓயாதவள். "காய் குடுக்கலாம்னா வாந்தி எடுப்ப. சோறுதான் ஒங்க வீட்லயும் இருக்கு."

"கழுநீரக் குடுங்கக்கா, போதும்."

"என்னத்துக்குளா?"

"சாக்கடையில ஊத்துதீய. பாக்க வயிறு எரியுது."

அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாத பெண் நம் பக்கத்தில் உண்டா? ஆனால் கைராசிச் செடிக்குக் கழுநீர் ஆகாது என்று கழகம் துண்டுச்சீட்டில் அச்சடித்தே கொடுத்திருந்தது. அரிசி களைந்த கை யாருடையதோ, செடி அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று. அதனால் தெரு முழுக்கக் கழுநீர் சாக்கடைக்குப் போனது. சேர்மக்கனிக்கு அது மனசு பொறுக்கவில்லை. காலையில் வேலை முடிந்ததும் வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வாங்கி வருவாள். தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மண் தொட்டியில் கொட்டி வைப்பாள். இரண்டு நாளில் நுரைத்துப் புளித்துவிடும்.

அதை எதற்கு ஊற்றினாள் என்று கேளுங்கள். அங்கேதான் அவள் செய்த தப்பு.

நாலாவது முறை வாங்கிய வெள்ளரி நாற்றும் அவள் கையைப் படிக்கவில்லை. ஏழு நாளில் படிக்காத நாற்றைக் கழகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் எரித்துவிடுவார்கள். கை படியாமல் வளர்ந்தால் அது எதை வைத்துக் காய்க்கும் என்று யாருக்கும் தெரியாது, விஷமாகக்கூட ஆகலாம் என்று பயம். சேர்மக்கனி அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். வாசல் வரை போனாள். இரண்டே இலை. ஒன்று அவள் கட்டை விரலில் சாய்ந்திருந்தது. எரிப்பார்கள் என்பதை நினைத்தாளோ என்னவோ, திரும்பி வந்து துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நட்டுவிட்டாள். ஜெயக்கொடிக்குச் சொல்லவில்லை. பதினோரு வீட்டுக் கழுநீரைத் தினமும் அதன் அடியில் ஊற்றினாள்.

கார்த்திகை பிறந்தது. உப்பளவு இருபத்தொன்று. மாடிப்படி ஏற முடியவில்லை. வாளியைப் பாதி நிரப்பித்தான் தூக்கினாள். ஜெயக்கொடி திட்டுவாள். திட்டுகிற நேரம் தவிர மற்ற நேரம் சமையலறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"படுன்னு சொன்னா படுக்க மாட்டியாட்டி? ஊர்ச் செடிக்கெல்லாம் நீதான் ஆளா?"

"படுத்தா எந்திரிக்க மாட்டேன் மதினி. நடக்க மட்டும் நடக்கேன்."

கொடியோ கல்லில் ஏறி, சுவரில் ஏறி, மைமூன் வீட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. அங்கே மைமூனுடைய சொந்த வெள்ளரிக் கொடி கம்பியில் படர்ந்திருந்தது. இரண்டும் பின்னிக்கொண்டன.

ஒரு காலை. சேர்மக்கனி சுவர் ஓரம் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மைமூன் கம்பியிலிருந்து ஒரு பிஞ்சைப் பறித்துச் சேலையில் துடைத்துக் கடித்தபடி வந்தாள்.

"ஏளா, இந்த மட்டம் என்ன உரம் வச்ச? கல்கண்டுல்லா போட்டிருக்கு!"

சேர்மக்கனி நிமிர்ந்தாள். மைமூனுடைய கொடியின் காய் கரும்பச்சை. இது வெளிர்ப் பச்சை, வெள்ளைக் கோடு ஓடியது.

"அக்கா! துப்புங்க! துப்புங்கக்கா, அது ஒங்க கொடி இல்ல!"

"எங்கொடி இல்லாம? எஞ்சுவத்துலல்லா கெடக்கு."

"எங்கொடி."

"ஒனக்கேதுளா கொடி?"

அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது. சேர்மக்கனி சொல்லச் சொல்ல மைமூன் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனசில்லாமல் நின்றாள். அப்புறம் விழுங்கிவிட்டாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குமட்டவில்லை. மயக்கம் வரவில்லை. மைமூன் ஒரு ஏப்பம் விட்டாள்.

"அல்லாவே, நல்லாத்தான் இருக்கேன். இன்னும் ஒண்ணு தின்னட்டா?"

சேர்மக்கனி இரண்டு மணிக்கட்டாலும் ஒரு காயைப் பிடித்துத் திருகினாள். இந்த ஆறு வருஷத்தில் கடித்த ஒவ்வொரு காயும் அவளைப் புறவாசலுக்கு ஓட வைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சாக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, நுனியைக் கடித்தாள்.

குளிர்ந்த தண்ணீர். அதற்குப் பின்னால் பச்சை மணம். அதற்கும் பின்னால், மெதுவாக, இனிப்பு.

"என்னளா?" என்றாள் மைமூன். "என்னளா, சொல்லு! ஏன் அழுத?"

"கசக்கல," என்றாள் சேர்மக்கனி. காம்பு வரை தின்றாள்.

பதினைந்து நாளில் உப்பளவு முப்பத்தாறு. ஒரு மாதத்தில் ஐம்பத்து நாலு. சுகாதார நிலையத்து நர்ஸ் உப்பளவு காட்டும் மானியைத் தட்டிப் பார்த்து, பழுதாகிவிட்டது என்று வேறு மானி கொண்டுவந்தாள். அதுவும் ஐம்பத்து நாலுதான் காட்டியது. அதற்குள் தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு தின்றாயிற்று. பதினோரு வீட்டிலும் ஒருவருக்கும் கசக்கவில்லை. ஜெயக்கொடி பெரிய சட்டியில் வெள்ளரிக்காய் கூட்டு வைத்தாள். நாத்தனாரும் மதினியும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறிக்கொண்டு தின்றது ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான். ஜெயக்கொடிக்கு அளவு மறந்து போயிருந்தது. பத்துப் பேருக்கு வைத்திருந்தாள். மிச்சத்தைத் தெரு தின்றது.

இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் மறையும்? கழகத்தின் பறக்கும் கேமரா மேலிருந்து செடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. மூன்றாவது தெருவில் கணக்குக்கு ஒரு செடி கூடுதல். மார்கழி பாதியில் மேற்பார்வையாளர் தவசிலிங்கம் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு கருவி, தோளில் மண்வெட்டி.

"யாரும்மா சேர்மக்கனி? கை படியாத நாத்த வளக்கிறது குத்தம். பிடுங்கணும்."

சேர்மக்கனி கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். இந்தக் கொடி போனால் தான் எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும்.

"பிடுங்குங்க சார்," என்றாள். "அப்படியே பக்கத்துல எனக்கும் ஒரு குழியத் தோண்டிட்டுப் போங்க. மம்பட்டி கையிலதான இருக்கு."

தவசிலிங்கம் திகைத்துப்போனார். அதற்குள் ஜெயக்கொடி கரண்டியோடு வந்துவிட்டாள். மைமூன் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். தெருவே புறவாசலுக்குள் கூடிவிட்டது.

"தொட்டீயன்னா பாத்துக்கிடுங்க!" என்றாள் ஜெயக்கொடி. "எங்க வீட்டுப் பொம்பளைய எமன் வாயிலருந்து இழுத்துட்டு வந்த கொடி இது."

"நான் என்னம்மா செய்ய? சட்டம் அப்படி. வேத்து ஆளு தின்னு கசந்தா பிடுங்கணும்னு இருக்கு."

"கசக்கலன்னா?" என்றாள் மைமூன்.

"கசக்காம இருக்காது."

"தின்னு பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் வேத்து ஆளு. ஒங்க கை இந்தக் கொடியில பட்டதே இல்லல்லா?"

தவசிலிங்கம் சுற்றிப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. ஒரு காயைப் பறித்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தயாராக வாய்க்கருகே வைத்துக்கொண்டு கடித்தார். மென்றார். கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது. இன்னொரு கடி. இன்னொன்று.

"சார்," என்றாள் ஜெயக்கொடி, "சாட்சிக்குக் கொஞ்சமாவது மிச்சம் வைங்க."

தெரு சிரித்த சிரிப்பில் அவர் காது சிவந்துவிட்டது. கருவியை எடுத்துக் கொடியின் தண்டில் வைத்தார். யார் கை என்று அது பேர் காட்ட வேண்டும். திரையில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. கைகளின் எண்ணிக்கை ஏறியது: ஒன்று, இரண்டு, நான்கு, ஒன்பது, பதினொன்று. "இதுக்கு என்னம்மா ஊத்துனீங்க?" என்று குரலை இறக்கிக் கேட்டார்.

"கழுநீர்."

"யாரு வீட்டுது?"

"எல்லார் வீட்டுதும்."

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தரு வந்து கதவத் தட்டுனா, அவருக்குத் தெறந்து விட்டுட்டு மத்த ஆளுக்குப் பூட்டிக்கிடலாம். பதினோரு பேரு ஒண்ணாத் தட்டுனா யாருக்குத் தெறக்க, யாருக்குப் பூட்ட? இந்தக் கொடி பூட்டவே இல்ல. எல்லாருக்கும் வேண்டியதக் கொஞ்சங் கொஞ்சமா வச்சுக் காச்சிருக்கு. அதான் எனக்கும் இனிக்குது. அதான் ஒங்களுக்கும் ஆகுது." மண்வெட்டியைக் கல்லில் சாத்தி வைத்தார். "பிடுங்க மாட்டேன். எழுதி அனுப்புதேன். ரெண்டு காய் வேணும், காட்டுறதுக்கு." கொஞ்சம் தயங்கி, "மூணாக் குடுங்க. வீட்ல அவளுக்கு ஒண்ணு. நாங்க ரெண்டு பேரும் ஒரே காயத் தின்னு அஞ்சு வருசமாச்சு," என்றார்.

ஜெயக்கொடி ஒன்பது காய் கட்டிக் கொடுத்தாள்.

கழகத்தில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்ணாடி வீட்டுக்குள் அதையே செய்து பார்த்தார்கள். நூறு பேரை அரிசி களைய வைத்தார்கள். கழுநீரைப் புளிக்க வைத்து ஊற்றினார்கள். காய்த்தது. ஆனால் ஊற்றின ஆளுக்கு மட்டும் இனித்தது, மற்ற எல்லோருக்கும் கசப்பு. இரண்டு மாதம் முட்டிப் பார்த்துவிட்டு, மாசியில் தவசிலிங்கத்தை மறுபடி அனுப்பினார்கள். இந்தத் தடவை மண்வெட்டி இல்லை.

"வளக்கிற ஆளு கை மேல படிஞ்சிருதும்மா. தினமும் தொடுதாங்கல்லா, அந்தக் கை ஒண்ணு மத்த நூறு கையையும் அமுக்கிப் போடுது. கையில உறை மாட்டிப் பாத்தோம். செடி சுருண்டு போகுது. மிசின வச்சு ஊத்துனோம், பூவே வைக்கல. தொட்டுத்தான் வளக்கணும். ஆனா தொட்டது யாருன்னு செடிக்குத் தெரியப்பிடாது." அவர் சேர்மக்கனியின் கைகளைப் பார்த்தார். ஆறு வருஷமாக எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்து விலகுகிற கைகள். "ஒங்க கைதான் வேணும்னு கழகத்துல கேக்காங்க. கண்ணாடி வீட்ட ஒங்ககிட்டயே விட்டுருதோம்னு சொல்லுதாங்க. இல்லைன்னா, இப்பம் புதுத் தோல் வளக்கிற வைத்தியம் வந்திருக்காம், வேர்வையோட. விரல் மடங்கும், சூடு குளிரு தெரியும். அதச் செஞ்சுவிடவும் தயாரா இருக்காங்க. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

சேர்மக்கனி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சூடு குளிர் தெரிவது என்றால் என்ன என்று அவளுக்கு மறந்து போயிருந்தது. மதினியின் தலையைக் கோதிவிட்டால் எப்படி இருக்கும் என்று மறந்து போயிருந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். எனக்கும் உங்களுக்கும் இருக்காதா?

"தோலு பெறவு பாப்போம்," என்றாள். "மொதல்ல வண்டிய எடுங்க. கயத்தாறு வரைக்கும் போகணும்."

"கயத்தாறா? எதுக்கும்மா?"

"அன்னைக்குத் தீயில கைய விட்டது நான் மட்டுமா சார்? ஒம்பது பேரு. ஒரு ஆளு ஒத்தையா எத்தன தெருவுக்கு வளக்க? மூணு பேரு போய்ச் சேந்துட்டாளுக. மிச்சம் அஞ்சு பேரும் இருக்காளுகளா, இருந்தா எத்தன உப்பு இருக்கோ. வண்டிய எடுங்க, எனக்குப் பதட்டமா இருக்கு."

மத்தியான வெயிலில் கயத்தாறு போய்ச் சேர்ந்தார்கள். மாடத்தி வீடு. கதவு சாத்தியிருந்தது. சேர்மக்கனி முழங்கையால் தட்டினாள். வெகு நேரம் கழித்துத் திறந்தது. எலும்பும் தோலுமாக ஒருத்தி, முந்தானைக்குள் இரண்டு கையையும் மறைத்துக்கொண்டு நின்றாள். வெளியாள் வந்தால் அவளுக்கு அது பழக்கம்.

"யாரு?"

"நாந்தாட்டி, சேர்மா. மெழுகு ரூம்புல ஒம்பக்கத்துல நின்னவ."

மாடத்தி உற்றுப் பார்த்தாள். "நீ இன்னுமா இருக்க? ஒடம்பு தேறிக் கெடக்கியேட்டி! எப்படி?"

சேர்மக்கனி மடியிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினாள். மாடத்தி ஓரடி பின்னால் போனாள். "வேண்டாம்ட்டி. எனக்கு எதுவும் ஆகாது. எங்கைய எந்தச் செடியும் படிக்காது."

"தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கேன். மொதல்ல இதத் தின்னு. தின்னுட்டு வண்டியில ஏறு. எங்க காலனியில ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாப்பது வீட்டுச் சனம், கழுநீர் வாளியோட ஒனக்காகக் காத்துட்டு இருக்கப் போகுது."

"எனக்காகவா? என்னத்துக்கு?"

"கைய வெளிய எடுட்டி, சொல்லுதேன்."

மாடத்தி கைகளை வெளியே எடுத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும். வைத்த செடி பிழைக்கட்டும், பிழைத்தது காய்க்கட்டும். வந்தவர் பசியோடு திரும்பாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு, அக்கம்பக்கத்தோடு, ஒரு சட்டிக் குழம்பைப் பகிர்ந்து தின்று நூறு வருஷம் நல்லாயிருங்கள்.